ஆவாரம்பூ இனி வேண்டாமாம்

ரோஜாவும் மல்லிகையும் கருகிப்போன எங்கள் வீட்டு உப்பு மண்ணில், நான் வைத்த ஆவாரஞ்செடி மட்டும்தான் பிழைத்தது.

புதுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சூசை அண்ணாச்சி, மனைவியின் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் போட, தினமும் காலையில் வந்து பூப் பறித்துப் போவார்.

ஒரு வாரம் சாயர்புரத்தில் இருந்துவிட்டு இன்றுதான் திரும்பினேன். செடி முழுக்க மஞ்சள். அண்ணாச்சி வாசலில் வெறுங்கையோடு நின்றார்.

“ஏன் அண்ணாச்சி அங்கனயே நிக்கிய? வந்து பறிச்சிக்கிடுங்க.”

“இனி வேண்டாம்மா. அவ திங்கக்கெழம போயிட்டா. ஒங்கிட்ட சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்.”

சொன்ன பிறகும் அவர் போகவில்லை. செடியையே பார்த்துக்கொண்டிருந்தவர், “இம்புட்டு பூத்திருக்கே” என்றார்.

நாளையும் பூக்கும். இத்தனை பூவையும் நான் என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.