பொட்டு வைத்த சிடி

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். அதுதான் வினையாகப் போயிற்று.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு மாடி வீட்டில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். சாஃப்ட்வேர் கம்பெனியில் எனக்கு வேலை. வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம், எனக்கும் கொஞ்சம் மண்டைக்கனம் இருந்தது. என் அக்கா கல்யாணமாகி ஒக்கலிபுரத்தில் இருந்தாள். அரசாங்க ஆபீசில் கன்னட டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவாள். என்னைப் பார்க்க அல்ல, கதை எழுத.

அக்காவுக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம். அவள் கன்னட மீடியத்தில் படித்தவள். வாரப்பத்திரிகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தே தமிழ் கற்றுக்கொண்டாள். தொடர்கதை ஒன்றையும் விடமாட்டாள். ஆனால் பேனாவைப் பிடித்தால் கை கன்னடத்துக்குத் தாவிவிடும். இரண்டு வரி எழுதுவதற்குள் அலுத்துப்போய்க் காகிதத்தைக் கசக்கிவிடுவாள்.

இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் திரையில் தமிழ் வரும் ஒரு சாஃப்ட்வேரை ஆபீஸ் நண்பர் ஒருவர் கொடுத்திருந்தார். விளையாட்டாக அதை அக்காவிடம் காட்டினேன். அவள் 'வீடு' என்று அடித்தாள். பிறகு 'எங்கள் வீடு' என்று அடித்தாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அடிச்சதாடா இது?" என்றாள்.

அன்றிலிருந்து மூன்று வருடம், ஏறக்குறைய எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். கைப்பையைக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்தால் ஐந்தரை மணி வரை எழுந்திருக்க மாட்டாள். டைப்பிஸ்ட் கை, படபடவென்று ஓடும். நடுவில் காபி கொடுத்தால் ஆறிப்போன பிறகுதான் குடிப்பாள். ஒருமுறை பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னாள். "எல்லாம் முடியட்டும்க்கா, புஸ்தகம் மாதிரி மொத்தமா எடுத்துடலாம்" என்றேன். நல்ல யோசனை என்று அவளும் சந்தோஷப்பட்டாள். அந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாவது வருடம் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினேன். பழையதில் இருந்த எல்லாவற்றையும் ஒரே சிடியில் எழுதிக்கொண்டேன். பழைய மெஷினைச் சுத்தமாக அழித்து, மனைவியின் சொந்தக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். சிடி சரியாக எழுதியிருக்கிறதா என்று ஒரு தடவையாவது போட்டுப் பார்த்தேனா என்றால், இல்லை. ஆபீசில் இப்படிச் செய்த ஜூனியர்களைக் கூப்பிட்டு வைத்துத் திட்டியிருக்கிறேன்.

அந்த வாரமே ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அன்றைக்குப் பொட்டு இல்லாத சாமானே இருக்காது. பஸ்ஸுக்கு, லேத்துக்கு, லிஃப்டுக்கு, ஆபீஸ் சர்வருக்கு எல்லாவற்றுக்கும் பொட்டுதான். நானும் புது மானிட்டருக்கு வைத்தேன், கீபோர்டுக்கு வைத்தேன், ஸ்கூட்டருக்கு வைத்தேன். மேஜையில் சிடி இருந்தது. அக்காவின் கதைகள் அதில்தானே இருக்கின்றன, அதுவும் ஆயுதம்தானே என்று தோன்றியது. சிடியின் கீழ்ப்பக்கத்தில் கீறல் விழக்கூடாது என்று எனக்குத் தெரியும். அதனால் வெகு ஜாக்கிரதையாக மேல்பக்கத்தில், ஓரமாக மூன்று இடத்தில் சந்தனத்தைக் குழைத்து வைத்து மேலே குங்குமம் இட்டேன். பக்தியோடுதான் செய்தேன்.

நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால் சந்தனம் காய்ந்து கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரத்துணியால் தேய்த்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். சந்தனம் வந்தது, கூடவே வெள்ளிப் பூச்சும் ஜரிகை மாதிரி உரிந்து வந்தது. அப்போதும் நான் பயப்படவில்லை. மேல்பக்கம்தானே என்று இன்னும் கொஞ்சம் சுரண்டினேன். வெளிச்சத்தில் பிடித்தபோது சிடி வழியாக ஜன்னல் கம்பி தெரிந்தது.

எழுதுவதெல்லாம் அந்த மெல்லிய பூச்சில்தான் இருக்கிறது, அதற்குப் பாதுகாப்பு கீழே தடிமனான பிளாஸ்டிக், மேலே வெறும் வார்னிஷ் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. புது மெஷினில் சிடியைப் போட்டேன். கிர் கிர்ரென்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. கடைசியில் படிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டது.

அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு வந்தபோது, புது மெஷினில் தமிழ் எழுத்து சரியாக வரவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று பூசி மெழுகினேன். அதற்கடுத்த வாரம் வேறு ஒரு சாக்கு. நாலாவது வாரத்திலிருந்து அவளே வருவதை நிறுத்திக்கொண்டாள். ரெடியானதும் ஃபோன் பண்ணு என்றாள்.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து ஃபைல் எடுத்துத் தரும் ஒருவர் இருந்தார். பொறுமைசாலி. ஒரு வாரம் சிடியை வைத்துக்கொண்டு, கிடைத்ததையெல்லாம் எடுத்துவைத்திருந்தார். சிடியில் உள்ளேயிருந்து வெளியே எழுதிக்கொண்டு போகுமாம். நான் முதலில் போட்டது என் ஃபைல்களை, கடைசியில் போட்டது அக்காவுடையதை. ஆக என் பயோடேட்டா மூன்று விதமாக, முழுசாக, புள்ளி குறையாமல் வந்திருந்தது. அக்காவுடையதில் பெயர்கள் மட்டும் வந்தன. கதை ஒன்று, கதை இரண்டு என்று பதினேழு வரை. பதினேழு கதை எழுதியிருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"துண்டு துண்டா ஏதோ இருக்கு சார்," என்றார் அவர். "கதையிலேர்ந்து ஒரு லைன் சொல்லுங்க. ஸ்வல்ப, ஒரு துளி கிடைச்சாலும் அதை வெச்சுத் தேடிப் பாக்கறேன்."

எனக்கு ஒரு வரியும் தெரியவில்லை. படித்தால்தானே தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பும்போது, "நேரம் கிடைச்சா படிச்சுப் பாருடா" என்பாள். அடுத்த ஞாயிறு, "படிச்சேன்க்கா, நல்லா இருக்கு" என்பேன். வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உண்மையில் சோம்பல். அதைவிட உண்மை, டைப்பிஸ்ட் அக்கா என்ன பெரிதாக எழுதிவிடப் போகிறாள் என்ற இளப்பம். அந்த மனிதர் என் பதிலுக்குக் காத்திருந்தார். நான் சிடியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவரைக்காய் சீசன் வந்துவிட்டது, பெங்களூரில் மொச்சையை அப்படித்தான் சொல்வார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒக்கலிபுரம் போனேன். அக்கா கூடத்தில் உட்கார்ந்து காய் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னேன், சந்தனம், நகம், எஸ்.பி. ரோடு எல்லாம். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"போகட்டும் விடு. வேணும்னேவா செஞ்சே?" என்றாள். "கதை எல்லாம் என் மனசுல இருக்கு, வார்த்தைதான் போச்சு. திரும்ப எழுதிக்கலாம். நீதான் எல்லாத்தையும் படிச்சிருக்கியே, எது உனக்கு ரொம்பப் பிடிச்சுதுன்னு சொல்லு. அதை முதல்ல எழுதறேன்."

"எல்லாமே நல்லா இருந்துதுக்கா."

"ஒண்ணு சொல்லுடா."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எப்போதோ காபி கொடுக்கப் போனபோது திரையில் 'பிளாட்பாரம்' என்ற வார்த்தை கண்ணில் பட்டது ஞாபகம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த ரயில்வே பிளாட்பாரம் கதை," என்றேன். "முக்கியமா அதோட முடிவு. ரொம்ப நல்லா முடிச்சிருந்தேக்கா."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். மடியில் இருந்த தோலைத் தட்டிவிட்டாள்.

"அதை நான் இன்னும் முடிக்கவே இல்லையேடா," என்றாள்.