கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது

பூநகரிப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார் நான். ஊரில் கைத்தொலைபேசிக் கோபுரம் வராமல் போனதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் நான்தான்.

கோபுரம் என் பக்கத்து வீட்டுக்காரரின் காணியில் வர இருந்தது; அவருக்கு மாதாமாதம் வாடகை கிடைக்கும். அவருக்கும் எனக்கும் வேலிச் சண்டை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது எல்லைக் கல் ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை; அவர் ஒரு முழம் என் பக்கம் தள்ளி வேலியடைத்தார் என்பது என் கட்சி. அந்த ஒரு முழத்துக்காக வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் திரிந்தோம். அவருக்கு நல்லது ஒன்று நடக்கப்போகிறது என்றதும் எனக்கு வயிறு எரிந்தது. படித்தவனுக்கு வயிறு எரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். கோபுரத்தால் நோய், வருத்தம் வருமோ என்று சனத்துக்குப் பயம். "மாஸ்டர் சொல்லட்டும்" என்றார்கள். எழும்பி, வகுப்பில் சொல்வதுபோலவே தொடங்கினேன்: மின்காந்த அலைகள் எல்லாம் வெற்றிடத்தில் ஒரே கதியில்தான் போகும். அலையின் நீளத்தை அதன் மீடிறனால், அதாவது ஒரு செக்கனில் அது எத்தனை தரம் அதிர்கிறது என்பதால், பெருக்கினால் அந்தக் கதி வரும். ஆகவே நீளம் குறைந்தால் மீடிறன் கூடியே ஆகவேண்டும்.

"ரேடியோ அலை முந்நூறு மீற்றர் நீளம். இந்தக் கோபுரத்தின்ர அலை ஒரு அடிமட்டத்தளவு, ஒரு அடி நீளம்தான். அப்ப மீடிறன் எவ்வளவு கூட எண்டு யோசிச்சுப் பாருங்கோ. மீடிறன் கூடினா சக்தியும் கூடும்."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. என் கெட்டித்தனம் அப்படி. அந்த நேரம் யன்னலால் வந்து என் சட்டையில் விழுந்துகொண்டிருந்த வெயிலின் மீடிறன் கோபுர அலையைவிடப் பல இலட்சம் மடங்கு கூட என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். சனம் கலங்கிப்போனது. பக்கத்து வீட்டுக்காரர் வாதாடவே இல்லை. "மாஸ்டர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எனக்கும் பிள்ளையள் இருக்குதுகள்" என்றுவிட்டு மகளோடு எழும்பிப் போனார். கோபுரம் வேறு ஊருக்குப் போயிற்று. அன்று நான் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

பிறகு நோய்க்காலம் வந்து பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டன. பாடமெல்லாம் கைத்தொலைபேசியில். ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் குளக்கட்டு. பிள்ளைகள் கொப்பியும் தண்ணிப் போத்தலுமாகக் குளக்கட்டில் வெயிலில் இருந்தார்கள். நானோ கிளிநொச்சியில் தங்கை வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, கதிரையில் சாய்ந்துகொண்டு படிப்பித்தேன். பதினோராம் வகுப்புக்கு அன்று அலைகள் பாடம். அலைகளின் மீடிறன் அட்டவணையை வாசித்து முடித்ததும் ஒரு பிள்ளை கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரரின் மகள்.

"சேர், வெளிச்சத்தின்ர மீடிறன் போன் அலையைவிட எவ்வளவோ கூட எண்டெல்லோ இருக்கு? அண்டைக்குக் கூட்டத்தில நீங்கள் சொன்னதை வைச்சுப் பாத்தா வெயில்தானே கூட ஆபத்து? நான் எங்கையோ பிழையா விளங்கிட்டனோ தெரியேல்ல."

குத்திக்காட்டவில்லை. பாவம், தன் தலையில்தான் பிழை என்று நினைத்தாள். முழு வகுப்பும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வசனம் போதும், எல்லாவற்றையும் நேராக்கியிருக்கலாம்.

"பிள்ளை, சத்தம் விட்டுவிட்டு வருது. ஒண்டும் கேக்கேல்ல" என்றேன்.

"பொறுங்கோ சேர், கட்டின்ர உச்சிக்கு ஏறுறன்."

அவள் ஏறுவது கேட்டது. சருகு நொறுங்கியது, மூச்சு வாங்கியது. "இப்ப கேக்குதோ சேர்?" என்று கத்தினாள். பக்கத்தில் நின்று பேசுவதுபோல் அவ்வளவு தெளிவாக இருந்தது. நான் தொடர்பைத் துண்டித்தேன்.

பின்னேரம் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "சேர், குறை நினைக்காதேங்கோ. எங்கட ஊரில சிக்னல் சரியில்லை."

"பரவாயில்லை, பிள்ளை" என்று பதில் அனுப்பினேன்.