அக்காவின் கையெழுத்து மட்டும் உள்ள மனு

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஆனால் அக்காவின் எழவுக்கு வந்தவர்கள் அவரைப் புகழ்ந்த புகழைக் கேட்ட பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. முதலாண்டு நினைவுக்குக் குடும்பத்தார் போடும் மலரில் இதை எழுதுகிறேன்.

அக்கா பனமரத்துப்பட்டியில் பிறந்தார். நாமக்கல் பக்கம் ஒரு தோட்டத்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். முதல் பிரசவம் ஆன சில நாளில் அவருக்குத் தூக்கம் போனது. குழந்தையைத் தொடப் பயந்தார். சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருப்பார். பார்க்க வந்த உறவினர்கள், குழந்தைக்கு யாருடைய மூக்கு என்று அரைமணி நேரம் ஆராய்ந்தார்கள். பெற்றவள் முகத்தைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. பார்த்த ஒரு பெரியம்மாவும், "எல்லாம் கொழுப்புங்க. நாமெல்லாம் பெக்கலையா?" என்று சொல்லிவிட்டுக் காபி கேட்டார். மந்திரித்த கயிறு, எலுமிச்சம்பழம் என்று ஐந்து மாதம் ஓடியது. கடைசியில் கிராம நர்ஸ் அம்மாதான், "இது நோவுங்க, மருந்து இருக்குது" என்று சேலத்துக்குக் கூட்டிப் போனார். அக்கா தேறினார். தேறிய பிறகும் விசேஷ வீடுகளில் அவர் கையில் யாரும் குழந்தையைக் கொடுத்ததில்லை. கொடுக்காதவர்கள்தான் எழவு வீட்டில் அவரைத் தெய்வம் என்றார்கள்.

சில வருடங்களுக்கு முன் அக்கா ஒரு மனு எழுதினார். பிள்ளை பெற்றவர்களையும், மனம் சோர்ந்து அறைக்குள் முடங்கும் இளம் பிள்ளைகளையும் பார்க்க, நம் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருநாள் மனநல டாக்டர் வர வேண்டும். அவ்வளவுதான் மனு. முதல் கையெழுத்தை அவரே போட்டு, வீடு வீடாகப் போனார்.

"ஏனுங்க அம்மிணி, இதுல கையெழுத்துப் போட்டா எங்க ஊட்டுலயும் பைத்தியம் இருக்குதுன்னு நெனைக்க மாட்டாங்களா?" என்றார் ஒரு மாமா. கோயில் வண்ணப்பூச்சு வசூலுக்கு ரசீதுப் புத்தகத்தோடு முன்னால் நடந்தவர் அவர். எல்லா வீட்டிலும் இதே பதில்தான், காபி மட்டும் கிடைத்தது.

நானும் போடவில்லை. "புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கறமுங்க அக்கா, அது முடியட்டும்" என்றேன். அக்கா பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

கல்யாணம் முடிந்தது. மகளுக்குப் பிரசவமும் ஆனது. பத்தாம் நாளிலிருந்து அவளும் சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள். "பேர் வைக்கற விசேஷம் முடியட்டும், சம்பந்தி ஊட்டுக்காரங்க வாராங்க" என்று நான் தள்ளிப்போட்டேன். அந்தப் பெரியம்மாவுக்கு நான் ஒன்றும் குறைந்தவனில்லை.

அக்கா வந்தார். தொட்டிலைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தூங்கினயா சாமி?"

"இல்லீங்கத்தை. தொட்டாக் கொழந்தைக்கு என்னமோ ஆயிரும்னு பயமா இருக்குதுங்க."

"எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. கெளம்பு."

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மனநல டாக்டர் வீட்டுக்கு ஒரு தெரு முன்னாலேயே, சீலைக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

"ஏன்டா தம்பி, சீலை எடுக்கவா வந்தோம்?"

"சொந்தக்காரங்க யாராச்சும் பாத்துட்டா..."

"பாத்தா அவங்களும் வைத்தியத்துக்குத்தான் வந்திருப்பாங்க. வண்டிய டாக்டர் வாசல்ல உடு."

உள்ளே அந்த மாமாவே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலேஜில் படிக்கும் மகன், மடியில் காலியான சீலைக்கடைப் பை. எங்களைக் கண்டதும் பையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். அக்கா அவரை ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பையனிடம் மட்டும், "சாப்பிட்டயா சாமி?" என்றார்.

என் மகள் பிழைத்தாள். இன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊரையே சுற்றுகிறாள்.

அக்கா சென்ற ஆண்டு இதய நோயால் எங்களை விட்டுப் போனார். "மலர்ல அந்த விசயம் வேண்டாமுங்க, பொம்பளப் புள்ளைக இருக்கற குடும்பம்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். மகளைக் கேட்டேன். "எழுதுங்கப்பா, என்னுதையும் சேத்தி எழுதுங்க" என்றாள்.

நர்ஸ் அம்மாவுக்கும் டாக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எழவு வீட்டுச் சாப்பாட்டில் உப்பு குறைவு என்று குறை சொல்லக்கூடத் தவறாமல் எல்லா நாளும் வந்துபோன உறவினர்களுக்கும் நன்றி.

அந்த மனு இன்று அக்காவின் படத்துக்குக் கீழே இருக்கிறது. இரண்டாவது கையெழுத்து என்னுடையது. வெட்கக்கேடு, இத்தனை வருடம் கழித்துப் போட்டேன். மூன்றாவது என் மகளுடையது. பேனா பக்கத்திலேயே இருக்கிறது. அக்காவைத் தெய்வம் என்றவர்கள் பூப் போட்டுக் கும்பிட வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.