லின் பாயின் இரண்டு விரல்

டொக்... டொக்...

கண்ணாடி மேசைமேல் இரண்டு விரலால் மெதுவாகத் தட்டுகிற சத்தம். கூடவே, மல்லிகைப்பூ வாசத்தோடு பாலில்லாத டீயின் ஆவி. துபாய் சத்வாவில் நான் சேல்ஸ்மேனாக இருந்த லைட் கடையை நினைத்தால், முதலில் வருவது இவை இரண்டும்தான்.

முதலாளி சீனாக்காரர். பெயர் லின். துபாயில் எல்லோரும் பாய்தானே... எங்களுக்கு அவர் லின் பாய். பேச்சு ஹிந்தி, அரபி, இங்கிலீஷ் மூன்றும் கலந்த துபாய்க் கலவை. சூட்கேஸில் பல்பு கொண்டுவந்து கடை கடையாக ஏறி இறங்கி விற்று, சொந்தக் கடை போட்ட மனிதர். சம்பாதித்ததை எல்லாம் அவர் ஊர்ப் பக்கம் பள்ளிக்கூடமாகக் கட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். நம்மவர்கள் கல்லாவுக்குப் பின்னால் சாமி படம் மாட்டுவார்களே, அந்த இடத்தில் அந்தப் பள்ளிக்கூடங்களின் போட்டோக்கள் தொங்கும். பிள்ளைகள் எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

கடைக்கு யார் வந்தாலும் டீ உண்டு. குட்டிக் கிண்ணத்தில் அவரே ஊற்றுவார். பதிலுக்கு நாம் அவருக்கு ஊற்றினால், இரண்டு விரலால் மேசையைத் தட்டுவார். அவர் ஊரில் நன்றி சொல்வது அப்படித்தானாம். சேர்ந்த புதிதில், சீக்கிரம் ஊற்றச் சொல்கிறார் போல என்று நினைத்து நான் மேசையையே குளிப்பாட்டியிருக்கிறேன்!

அந்தப் போட்டோ கதையை நான் ஊர்க்காரர்களிடம் அளந்து வைத்திருந்தேன். அபுதாபி பக்கம் ருவைஸ் ரிஃபைனரியில் ஃபோர்மேனாக இருந்த கருப்பையா அண்ணன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நம்ம ஊரு பள்ளிக்கூடத்துக்கும் அவருகிட்ட கேப்பமா? கட்டடம் ஒழுகுது. எம்மவ வேற, இனிமே போகமாட்டேன்னு அடம் புடிக்கிறா. ஏன்டான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா. நல்லாப் படிக்கிற புள்ளைய்யா..."

ஒரு வெள்ளிக்கிழமை, ஊர்க்காரர்கள் ஆறு பேர் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். எல்லோரும் அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டை. கையில் பழத்தட்டு, பொன்னாடை! துபாய் வெயிலில் ஜரிகைப் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு லின் பாய் வியர்த்து வழிந்தார். ஆனாலும் கழற்றவே இல்லை.

அவர்களை உள்ளே உட்காரவைத்துவிட்டு, நான் முன்பக்கம் ஒரு கஸ்டமரைக் கவனிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால்... எழவு வீடு மாதிரி அமைதி.

நடந்தது இதுதான். 'முதலாளி நமக்கு ஊத்துறதா' என்று பதறி, கருப்பையா அண்ணன் கெட்டிலை வாங்கி அவருக்கு ஊற்றியிருக்கிறார். அவர் டொக் டொக். நம் ஊரில் வாத்தியார் மேசையைத் தட்டினால் என்ன அர்த்தம்? ஆறு பேரும் கப்சிப்! வேனில் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த ஹிந்தி எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இவர்கள் பேசட்டும் என்று அவர் காத்திருக்க, அவர் கோபம் ஆறட்டும் என்று இவர்கள் காத்திருக்க... சமாதானப்படுத்த யாராவது மறுபடி ஊற்ற, மறுபடி டொக் டொக்.

"மனுசன் கடுப்புல இருக்காரு தம்பி. கெளம்பிருவமா?" என்றார் அண்ணன் என் காதில். முகம் சுண்டிப் போயிருந்தது. மகள் படிப்பு அவ்வளவுதான் என்று முடிவே கட்டிவிட்டார்.

நான் விஷயத்தை இரண்டு பக்கமும் சொன்னதும்... அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கடை அதற்கு முன் கேட்டதில்லை. ஸ்பேனர் பிடித்த கையால் அண்ணன் பதிலுக்குத் தட்டினார் பாருங்கள், கிண்ணமெல்லாம் எகிறிக் குதித்தது.

பிறகு அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். ஒழுகுகிற கட்டடம், மகளின் அடம். லின் பாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"லடுக்கி லோக் கா பாத்ரூம் ஹை?"

பெண் பிள்ளைகளுக்கு பாத்ரூம் இருக்கிறதா என்று.

"மாஃபி", இல்லை என்றார் அண்ணன். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, மகள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று. தலையைக் குனிந்துகொண்டார்.

"மை சிஸ்டர் நம்பர் ஒன் ஸ்டூடண்ட். நோ பாத்ரூம்... ஸ்கூல் கலாஸ்" என்றார் லின் பாய். பாத்ரூம் இல்லாததால் அவள் படிப்பு அதோடு முடிந்ததாம். அவர் எங்கே பள்ளிக்கூடம் கட்டினாலும் முதல் செங்கல் பாத்ரூமுக்குத்தான் என்பது அன்றுதான் எனக்கே தெரியும். "ஃபர்ஸ்ட் பாத்ரூம். தென் கிளாஸ்ரூம். யல்லா!"

கருப்பையா அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். எனக்கும் கண் கலங்கியது.

அழுது முடித்ததும் அண்ணனுக்கு அடுத்த கவலை. "பேரு போடணுமே தம்பி... கக்கூஸ் செவுத்துலயா உபயம்னு எழுதுறது?"

"டியூப் லைட்ல எழுதிருவோம்ணே" என்றார் கூட வந்த ஒருவர். லின் பாய்க்கு அதையும் மொழிபெயர்த்தேன். லைட் வியாபாரிக்கு வந்ததே அதிர்ச்சி!

"லைட் கே ஊப்பர் நேம்? ஃபிர் லைட் மாஃபி!"

லைட்மேல் பெயர் எழுதினால் அப்புறம் வெளிச்சம் ஏது என்கிறார். எங்கேயும் பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொன்னபடியே பாத்ரூம் வந்தது, பிறகு வகுப்பறைகள் வந்தன. அண்ணன் மகள் படித்தாள். இப்போது அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

லின் பாய் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த இடத்தில் இன்று மொபைல் கவர் விற்கிறார்கள். எனக்கு இப்போது ஷார்ஜாவில் ஆபீஸ் வேலை. மெஷின் டீ, பேப்பர் கப். யார் கொண்டுவந்து கொடுத்தாலும் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கிக்கொள்கிறோம்...

போன வாரம் ஊர்ப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். நர்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறாள். என் மனைவி டீ ஊற்றிக் கொடுத்தாள். பேச்சு சுவாரஸ்யத்தில், அந்தப் பெண் மேசையை இரண்டு விரலால்... டொக் டொக்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இது யாரும்மா சொல்லிக் கொடுத்தா?"

"இதுவா? எங்க பள்ளிக்கூடத்துல எல்லாரும் இப்படித்தான் மாமா. சத்துணவு வச்சாக்கூடத் தட்டுலயே தட்டுவோம். டீச்சர் பழக்கிவிட்டது!"

இன்னொரு தடவை தட்டச் சொல்லி போனில் பதிவுசெய்து, லின் பாய்க்கு அனுப்பினேன். ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. வாய்ஸ் மெசேஜ்.

டொக்... டொக்...