பாதி இருக்கை

ஒருவருடைய பாதி இருக்கையை நான் திருடினேன். ஆர்.ஏ.சி. டிக்கெட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே இருக்கை. அந்த வெண்தாடிக்காரர் நடுவே துண்டை மடித்துப் போட்டு, தன் பாதிக்குள் ஒடுங்கியிருந்தார். அவர் கழிவறைக்குப் போனதும் நான் நீட்டிப் படுத்துத் தூங்குவதுபோல் நடித்தேன். விடியும்வரை அவர் கதவோரம் தன் பைமேல் உட்கார்ந்து வந்தார்.

பெரம்பூரில் இறங்கி இருவரும் ஆவடி மின்சார ரயிலுக்கு மாறினோம். பனிக்குள் மிதப்பதுபோல் போனது வண்டி. ஜன்னலோர இருக்கையை முழுதாக அவருக்கு விட்டுவிட்டு நின்றேன்.

"ராத்திரி நான் தூங்கலைங்க, நடிச்சேன்."

"தெர்யும் நைனா. தூங்கறவன் எங்கனா செருப்பு கீதான்னு எட்டிப் பாப்பானா?"

சிரித்தபடி துண்டை நடுவில் போட்டு, மறுபாதியைத் தட்டினார். "ஒக்காரு."

சற்று நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். நான் இறங்கவேண்டிய அம்பத்தூர் வந்தது, மெல்ல நழுவிப் போனது. நான் அசையவில்லை.