தாளில் கிடக்கும் சொல்

சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் சட்டை தைத்துப் பிழைக்கும் மேர்சிக்கு வயது அறுபத்தாறு. வாய் சும்மா இருக்காது. அளவு எடுக்கும்போதே ஆளின் தொந்தியைப் பற்றி இரண்டு கதை சொல்லிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வேதபுத்தகத்துக்கு முன்னால் நின்றால் மட்டும் ஆளே வேறு. தகப்பன் தம்பிஐயா கண்மூடிய பிறகு, இருபது வருஷமாக அங்கே வேதம் வாசிப்பது அவள்தான்.

தம்பிஐயா ஒரு மாதிரியான மனிசன். பாதி வேதம் மனப்பாடமாக இருந்தும், விரலை வரியில் வைக்காமல் ஒரு சொல் வாசிக்கமாட்டார். இரண்டாயிரமாம் ஆண்டுச் சண்டையில் ஊரே இடம்பெயர்ந்துபோய், கரவெட்டியில் ஒரு மாமரத்தடியில் ஆராதனைக்குக் கூடியது. ஓடிவந்த அவதியில் ஒருவரும் புத்தகம் கொண்டுவரவில்லை. பாடமாகவே சொல்லுங்களேன் என்று சனம் கெஞ்சியது. மனிசன் அசையவில்லை. அங்கேயிருந்த சபைக்குச் சைக்கிளில் ஆள் அனுப்பி, புத்தகம் வரும்வரை இரண்டு மணித்தியாலம் எல்லாரையும் பசியோடு இருத்திவைத்தார். மேர்சிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"மனசிலை கிடக்கிறது எங்கடை சொல்லாப் போயிடும், பிள்ளை. தாளிலை கிடக்கிறதுதான் ஆண்டவரின்ரை சொல்லு," என்றார் தகப்பன்.

புத்தகம் வந்திறங்கியதும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். சோறு வந்திருந்தால்கூட அப்படி எழும்பியிருக்கமாட்டார்கள். அந்த மாமரத்தடியை நினைத்தால் மேர்சிக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடும். எல்லாம் இழந்த அந்த நாள் திரும்பி வராதா என்றுகூட ஏங்குவாள், பைத்தியக்காரி.

இப்போது அவளுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டு றஜனி வரவேண்டும். எழுத்தும் தெரியவில்லை என்று சொன்னால் வாசிப்பு கையைவிட்டுப் போய்விடும். அந்தப் பயத்தில் ஐந்து மாதமாக விரலை மட்டும் தாளில் ஓட்டி, பாடமாகச் சொல்லிச் சமாளித்தாள்.

போன ஞாயிறும் அப்படித்தான் ஒரு சங்கீதத்தைச் சொல்லிவிட்டு வந்து அமர்ந்தாள். பிரசங்கத்துக்குப் பக்கம் எடுத்துவைக்கப் போன றஜனி திரும்பி வந்து காதோடு கேட்டாள்.

"அக்கா, புத்தகம் போன கிழமைப் பக்கத்திலையெல்லோ திறந்து கிடந்தது. நீங்கள் எதைப் பாத்து வாசிச்சனீங்கள்?"

றஜனி வெளியே மூச்சுவிடமாட்டாள். அது மேர்சிக்குத் தெரியும். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் போதகர் பிரசங்கத்துக்கு எழும்புமுன் மேர்சி எழும்பிவிட்டாள்.

"நான் வாசிக்கேல்லை. வாயிலை வந்ததைச் சொன்னனான். ஐஞ்சு மாசமா என்ரை கண்ணுக்கு எழுத்துத் தெரியேல்லை. றஜனி, நீ அந்தச் சங்கீதத்தைப் பாத்து வாசி."

றஜனி வாசித்தாள். மேர்சி மடியில் விரலை வைத்து, வரிக்கு வரி நகர்த்திக்கொண்டு கேட்டாள். நடுவில் விரல் நின்றுவிட்டது. பயந்துபோயிருப்பவரைத் தேற்றுகிற ஒரு வரி. அவள் சொன்னபோது அது வரவேயில்லை. தனக்கே வேண்டியிருந்த வரியைத்தான் தவறவிட்டிருக்கிறாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்குரிய வாசிப்பில் றஜனியின் பெயரை எழுதினார்கள். வெளியே வந்ததும் மேர்சி அவள் கையைப் பிடித்தாள்.

"பின்னேரம் வீட்டை வந்து அதை இன்னொருக்கா வாசியடி. எனக்குப் பாடம்தான். எண்டாலும் நீ பாத்து வாசி."