டி டிரைவில் சேமிக்கச் சொன்னது

பழைய கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் பாண்டீஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே கரப்பான்கள் குடும்பம் குடும்பமாக இருந்தன. மலைக்குளிருக்கு அந்தப் பெட்டியின் சூடு அவற்றுக்குத் தோதாக இருந்திருக்கிறது. விசிறியின் இறக்கையில் ஒரு பல்லி கருவாடாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. பக்கத்து ஸ்டோரில் காய்ந்துகொண்டிருந்த ஏலக்காயின் வாசனையும் எலி மூத்திர நாற்றமும் கலந்து, கெட்டுப்போன பாயசம் போல மூக்கில் ஏறியது.

“அந்தக் கதவக் கொஞ்சம் தெறந்து வைங்கண்ணே” என்றாள்.

தோட்டத்து மேனேஜர் விஜயபாண்டி எழுந்திருக்கவில்லை. மடியில் மிக்சர் பொட்டலம். ஒரு கையால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, அதே கையை நாற்காலிப் பிடியில் தேய்த்துக்கொண்டு, “சாரல் உள்ள அடிக்கும் தங்கச்சி. நீ வெரசா முடி” என்றான்.

பாண்டீஸ்வரி அப்படிச் சட்டென்று அருவருப்புக் கொள்கிறவள் இல்லை. போடி பஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் அவள் கடை. பாலிடெக்னிக் முடித்துவிட்டு யாரோ ஒருவரின் கடையில் சில வருடம் இருந்து, கல்யாணத்துக்குப் பிறகு சொந்தமாகப் போட்டது. கணவன் பாண்டியராஜன் லோடு வண்டி ஓட்டுகிறான். மளிகைக்கடைக் கம்ப்யூட்டருக்குள் எலிக்குஞ்சுகளும், பரோட்டா கடைக் கம்ப்யூட்டருக்குள் உறைந்த எண்ணெயும் பார்த்தவள். பிரஷ்ஷை எடுத்துத் துடைத்துப் போட்டுவிட்டுக் கை கழுவி, டீ குடிக்கப் போய்விடுவாள். அவளைக் குமட்ட வைத்தது அன்று சாயங்காலம் அந்த ஆபீசில் நடந்தது.

காலையில் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களின் ஜீப்பில்தான் ஏறி வந்திருந்தாள். உட்கார இடமில்லாமல் அடைத்துக்கொண்டு போகிற ஜீப்பு. புதுக் கம்ப்யூட்டர்ப் பெட்டி அவள் மடியில். பக்கத்தில் ராமுத்தாய், ஐம்பது தாண்டியவள், அந்தக் கூட்டத்துக்கே மூத்தவள். போடிமெட்டு ஏறிக் கேரளத்துக்குள் போகிற ஒவ்வொரு வளைவிலும் பெட்டி சரியாமல் அவளும் ஒரு கை கொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“என்னத்தா இது, டிவியா?”

“கம்ப்யூட்டருக்கா. தோட்டத்து ஆபீசுக்கு.”

“எங்களுக்கு ஒரு கக்கூசு கட்டித் தரச் சொல்லி மூணு வருசமாக் கேக்குறோம். அவுகளுக்குக் கம்ப்யூட்டரு வருது பாரு” என்றாள் எதிரில் இருந்த தேவி. கல்யாணமாகி ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது அவளுக்கு. எல்லாரும் சிரித்தார்கள். ராமுத்தாய் தூக்குவாளியிலிருந்து ஒரு இட்லியை எடுத்துப் பாண்டீஸ்வரி கையில் வைத்தாள்.

ஆபீசின் பழைய கம்ப்யூட்டரில் ஒரே ஒரு டிஸ்க். விண்டோசும் அதில்தான், தோட்டத்துக் கேமராக்களின் பதிவுகளும் அதில்தான். பதிவுகள் ஏறி ஏறி மூச்சுவிட இடமில்லாமல் போக, ஒருநாள் அது எழுந்திருக்கவே இல்லை. அதனால்தான் பாண்டீஸ்வரி புதியதில் இரண்டாகப் பிரித்திருந்தாள். விண்டோசுக்கு மட்டும் சின்னதாக ஒரு எஸ்எஸ்டி. பதிவுகளுக்கென்று தனியாகப் பெரிய ஹார்ட் டிஸ்க்.

“ஒண்ணு வேல செய்ய, ஒண்ணு சேத்து வைக்கண்ணே. சேத்து வைக்கிறது நெறஞ்சு வழிஞ்சாலும் வேல செய்யிறது நிக்காது” என்றாள்.

“எம்புட்டு நாளைக்குச் சேத்து வைக்கலாம்?”

“மாசக்கணக்குல வைக்கலாம்.”

விஜயபாண்டிக்கு அது பிடித்திருந்தது. தலையை ஆட்டிக்கொண்டே இன்னொரு கை மிக்சரை வாயில் போட்டான்.

எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏறி முடியும்வரை பெரிய டிஸ்க்கின் வயரைச் செருகாமல் வைத்திருப்பது அவள் வழக்கம். இரண்டையும் சேர்த்து மாட்டிவிட்டால், எழுந்து ஓடத் தேவையான ஃபைல்கள் சில சமயம் தவறிப்போய்ப் பெரியதில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அது கெட்டால் இதுவும் சேர்ந்து படுத்துவிடும். அதனால் அன்றும் முதலில் விண்டோசை ஏற்றினாள். அது ஓடத் தொடங்கியதும் கேமராக்காரர்களின் சாப்ட்வேரைப் போட்டு, படங்கள் வருகின்றனவா என்று பார்த்தாள். பெரிய டிஸ்க் இன்னும் மேசை மேல்தான் கிடந்தது.

பழைய கம்ப்யூட்டரின் திரையையே இதற்கும் மாட்டியிருந்தாள். அதில் ஐந்து கட்டங்கள் வந்தன. கேட்டு. ஸ்டோர் வாசல். எடை போடும் இடம். மூட்டை அறை. வலது கோடியில் கீழே ஐந்தாவது.

அது தகரக் கொட்டகை. மழை கூடிவிட்டதால் காயெடுப்பை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். பெண்கள் கொட்டகைக்குள் வந்து, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளையும் ஈரச் சட்டையையும் களைந்துகொண்டிருந்தார்கள். மழைக்காலத்தில் ஏலக்காட்டுக்குள் போய் வந்தால் உடம்பில் அட்டை ஏறாமல் இருக்காது. ஒருத்தி பாவாடையை உயர்த்திப் பிடிக்க, இன்னொருத்தி குனிந்து தொடையில் அட்டை தேடினாள். அவர்களுக்குப் பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, ஜாக்கெட் இல்லாமல் நின்றது ராமுத்தாய்.

காலையில் இட்லி கொடுத்த கை அது. பாண்டீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு எட்டி நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள். ஐந்து கட்டங்களும் கறுத்துப் போயின.

“என்னம்மா, போச்சா?” என்றான் விஜயபாண்டி.

“அஞ்சாவது எங்கண்ணே வச்சிருக்கீங்க?”

“அதுவா? கொட்டகையில.”

“அங்க பொம்பளைக துணி மாத்துறாங்க.”

“ஆமா.” ‘இப்போ மழை பெய்கிறது’ என்பதற்கு ஆமா போடுகிற குரலில் சொன்னான். “காயத் திருடுறாளுகம்மா. மடியில கட்டி, பாவாடைக்குள்ள சொருகிக் கொண்டுபோறாளுக. கேட்டுல நிப்பாட்டித் தடவியா பாக்க முடியும்? அப்புறம் அதுக்கும் சண்டைக்கு வருவாளுக. இது யாருக்கும் தொந்தரவு இல்ல பாரு.”

“எத்தன பேரப் பிடிச்சீங்க?”

 மிக்சர்ப் பொட்டலத்தின் அடியில் இருந்த தூளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டான். “பழைய டிஸ்க்குல இருக்கிற ரெக்கார்டிங்க அப்படியே புதுசுல டி டிரைவுல ஏத்திரு. முதலாளி போன்லயும் அஞ்சும் தெரியணும், முன்ன இருந்த மாதிரியே. அவரு கேட்டுக்கிட்டே இருக்காரு.”

அப்போதுதான் அவள் கறுத்த திரையைச் சரியாகப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் வெறும் தூசிதான். வலது கீழ்க்கோடியில் மட்டும் எண்ணெய் விரல்தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, மஞ்சளாக அப்பிக் கிடந்தன. அந்த மேசையில் அவள் மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டிருந்தாள். 

பழைய டிஸ்க்கைக் கழற்றினாள். மேசையில் கிடந்த புதியதை எடுத்தாள். எஸ்எஸ்டியையும் உருவினாள். மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“ஏய், எங்க போற? சோலி முடியல?”

“இந்தச் சோலிய நான் செய்யல.”

“பழசக் கொண்டா! அது தோட்டத்துச் சாமான்!”

அவன் எழுந்து வந்து பையின் வாரைப் பிடித்தான். அவன் விரல் அவள் தோளில் பட்டது. அந்த விரலை நினைத்ததும் அவளுக்கு எங்கிருந்துதான் அந்தச் சத்தம் வந்ததோ தெரியாது. “கையை எடுடா!” என்று கத்தினாள். ஸ்டோருக்குள் இருந்த ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். விஜயபாண்டி கையை எடுத்தான். அவள் நேரே கொட்டகைக்குப் போனாள்.

கொட்டகையில், உரமூட்டைகளுக்கு மேலே, விட்டத்தில் வெள்ளையாக உருண்டையாக அந்தக் கேமரா இருந்தது. ஏதோ பல்பு, எரியாத பல்பு என்றுதான் பெண்கள் இத்தனை நாளும் நினைத்திருந்தார்கள். பாண்டீஸ்வரி அதைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். தேவி சேலையை இழுத்து உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு மூலையில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒருத்தி தன் முழங்கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ராமுத்தாய் சேலையை இழுத்துச் செருகினாள். மூட்டை மேல் ஏறினாள். புல்லறுக்கும் வளைந்த அரிவாளால் வயரோடு சேர்த்து அதை இழுத்தாள். அது தரையில் விழுந்து உருண்டது.

ஜீப்பு மலை இறங்கியது. இரண்டாவது வளைவு தாண்டியதும் பாண்டீஸ்வரிதான் ஆரம்பித்தாள். “பழைய டிஸ்க்கு எங்கிட்ட இருக்கு. எல்லாம் இதுல இருக்கு. போலீசுல குடுத்தா இதான் சாட்சி.”

“போலீசுல அதப் போட்டுப் பாப்பாகல்ல?” என்றாள் தேவி.

“பொம்பளப் போலீசு இருப்பாங்க.”

“அப்புறம் வக்கீலு. அப்புறம் கோர்ட்டு. அங்கிட்டெல்லாம் மலையாளத்துல பேசிப் பேசிப் பாப்பாக.” தேவி சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்னையில்ல கேப்பாரு, நீ ஏன் அங்கன போய்த் துணி மாத்துனன்னு.”

சாட்சி இல்லாவிட்டால் நாளை ஒன்றும் செய்ய முடியாது என்று பாண்டீஸ்வரி திரும்பவும் சொன்னாள். இன்றைக்கும் அவள் எண்ணம் அதுதான். ஆனால் அந்தப் படத்தில் இருப்பது அவள் உடம்பு இல்லை. அதனால் டிஸ்க்கை எடுத்து ராமுத்தாய் மடியில் வைத்தாள். “இது உங்களுதுக்கா. நீங்க சொல்றதுதான்.”

ராமுத்தாய் ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தாள். ஒருத்தியும் நிமிரவில்லை. ஜீப்பை ஒரு பாலத்துக்கிட்டே நிறுத்தச் சொன்னாள். பாண்டீஸ்வரி திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்து கொடுத்தாள். உள்ளே கண்ணாடி மாதிரி பளபளவென்று வட்டத் தகடுகள்.

“இதுலயா இருக்கோம்?” என்றாள் தேவி.

டிரைவரிடம் ஜாக்கி ராடை வாங்கி ராமுத்தாய் அடித்தாள். பிறகு தேவி அடித்தாள். தகடு வளைந்து, கீறி, உருத்தெரியாமல் போகும்வரை ஆள் மாற்றி ஆள் அடித்தார்கள். நொறுங்கியதை ஓடையில் எறிந்துவிட்டு, கையை மழையில் கழுவிக்கொண்டு ஏறினார்கள்.

மறுநாளிலிருந்து அந்தத் தோட்டத்துக்கு ஜீப்பு போகவில்லை. காய் பழுத்து நிற்கிற நேரம், ஆள் கிடைக்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு முதலாளியே காரில் இறங்கி வந்தார். கோவில் கும்பாபிஷேகத்துக்கு அன்னதானம் போட்டவர். நெற்றி நிறையத் திருநீறு. ராமுத்தாய் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “எனக்கு ஒண்ணும் தெரியாது ஆத்தா. அந்த நாய் செஞ்சது. வெரட்டிட்டேன்” என்றார். ராமுத்தாய் ஆள் அனுப்பி வரவழைத்திருந்த பாண்டீஸ்வரி பக்கத்தில் நின்றாள்.

“உங்க போன்லயும் அஞ்சும் தெரியணும்னு நீங்க கேட்டுக்கிட்டே இருந்ததா உங்க மேனேஜருதான் சொன்னாரு” என்றாள் பாண்டீஸ்வரி.

“போன்ல ஆயிரம் வருதும்மா. நான் எதப் பாத்தேன்?”

சொல்லிவிட்டுக் காரிலிருந்து ஒரு மூட்டையை இறக்கச் சொன்னார். ஆளுக்கொரு சேலை. அதைப் பார்த்ததும் பாண்டீஸ்வரிக்கு மறுபடியும் அந்த ஆபீஸ் நாற்றம் அடித்தது.

“எங்களுக்குக் கட்டத் துணி இருக்கு. தூக்கிட்டுப் போங்க” என்றாள் ராமுத்தாய்.

இரண்டு மூன்று பேர் வாங்கிக்கொண்டார்கள். அதையும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பிற்பாடு வேறொரு தோட்டத்துக்குப் போனார்கள். தேவி மலைக்குப் போவதையே விட்டுவிட்டாள். ஏன் என்று வீட்டில் சொல்லவில்லை. பாண்டீஸ்வரி இப்போது கேமரா வேலை என்று யார் வந்தாலும், எங்கெங்கே மாட்டப்போகிறீர்கள் என்று இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்கிறாள். ஒரு ஜவுளிக்கடைக்காரர், “அத நீ எதுக்குப் பாக்கணும்?” என்று கேட்டதும் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பாண்டியராஜனுக்கு அதில் வருத்தம். வாடிக்கை குறைகிறது என்பான். அவள் வாதாடுவதில்லை.

ஒரு மத்தியானம் போடியில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிர் பெஞ்சில் விஜயபாண்டி வந்து உட்கார்ந்து வடையைப் பிய்த்துத் தின்றான். குரங்கணிப் பக்கம் வேறொரு தோட்டத்தில் மேனேஜராக இருக்கிறானாம். விரலை நக்கிக்கொண்டே சிரித்தான். “என்ன தங்கச்சி, நல்லாருக்கியா?”

பாண்டீஸ்வரி எழுந்து நின்றாள். ஓட்டலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, அவன் என்ன செய்தான் என்பதை முதலிலிருந்து சொன்னாள். பெண்கள் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவன் முகம் வெளுத்தது. பரோட்டா தட்டுகிற சத்தம் நின்றது.

“சாப்பிடுற எடத்துல இதெல்லாம் என்னம்மா பேச்சு” என்றார் கல்லாவில் இருந்தவர்.

அவள் அவரைப் பார்த்தாள். இலையில் பாதிச் சோறு இருந்தது. அப்படியே மடித்துப் போட்டுவிட்டு, கை கழுவி, கடைக்குப் போனாள்.